எல்இடிக்கு எந்த ரெசிஸ்டர்? கண்ணை மூடிட்டு 220 போட்டதுல நான் கத்துக்கிட்டது

நான் முதன்முதலா எரிய வெச்ச எல்இடி ஒரு செகண்ட் கூட தாங்கல. 9 வோல்ட் சதுர பேட்டரி ஒண்ணு, சிவப்பு 5 எம்எம் எல்இடி ஒண்ணு, ரெண்டு காலையும் நேரா பேட்டரி முனையில வெச்சேன், சிவப்பா எரிய வேண்டியது ஆரஞ்சு கலர்ல ஒரு பளிச், அவ்வளவுதான். டார்ச் பல்பை பேட்டரில வெச்சா எரியும்ல, அதே பழக்கத்துல செஞ்சது. அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னார், "220 ஓம்ஸ் ஒண்ணு சீரீஸ்ல போடுப்பா, எரியும்"னு, அதாவது கரண்டை கட்டுப்படுத்துற 220 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒண்ணை எல்இடியோட ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா ஒரே வழியில. போட்டேன், எரிஞ்சுது. அன்னைக்கு மனசுல பதிஞ்சது "எல்இடின்னா 220". ரொம்ப நாள் அதை நான் கேள்வியே கேக்கல, அதனால வந்த பிரச்சனை எல்லாத்தையும் இங்க எழுதுறேன், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு கண்டிப்பா உதவும்.

5 வோல்ட்ல இருக்கிற வரைக்கும் 220 எந்த பிரச்சனையும் பண்ணல. பிரச்சனை வந்தது 12 வோல்ட் அடாப்டர்ல ஓடுற ஒரு சின்ன பவர் சப்ளை பெட்டி செஞ்சப்ப. முன்பக்கம் நாலு எல்இடி, சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், எல்லாத்துக்கும் அதே 220. ஆன் பண்ணதும் அட்டகாசமா எரிஞ்சுது, அவ்வளவு வெளிச்சம் வந்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். பத்து நிமிஷம் கழிச்சு ஏதோ சூடான வாசனை, மூடியை திறந்து ரெசிஸ்டரை தொட்டேன், விரலை வெச்சிருக்கவே முடியல. ரெண்டு வாரத்துல சிவப்பு எல்இடி பாதி வெளிச்சத்துக்கு இறங்கிடுச்சு, ரெசிஸ்டர் உடம்பு பழுப்பேறி கலர் கோடே தெரியாம போச்சு.

அப்பதான் முதல் தடவையா உக்காந்து கணக்கு போட்டேன். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கும், 12ல 2 போனா மீதி 10 வோல்ட் முழுக்க ரெசிஸ்டர் தலையில. 10 வகுத்தல் 220, கிட்டத்தட்ட 45 மில்லி ஆம்ப்ஸ். அந்த எல்இடிக்கு தொடர்ந்து குடுக்கலாம்னு போட்டிருக்கிற அளவு 20தான், நான் குடுத்தது ரெண்டு மடங்குக்கு மேல. ரெசிஸ்டர்ல போற பவர் 10 வோல்ட் பெருக்கல் 45 மில்லி ஆம்ப்ஸ், 0.45 வாட், நான் போட்டதோ கால் வாட் ரெசிஸ்டர். ரெண்டுமே ஒரே நேரத்துல வெந்துட்டு இருந்திருக்கு.

ஃபார்முலா எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சப்ளை வோல்டேஜ்ல இருந்து எல்இடி வோல்டேஜை கழிச்சு, வேணுங்கிற கரண்டால வகுக்கணும். ஆனா அது எனக்கு உள்ள இறங்க ரொம்ப நாள் ஆச்சு, ஏன்னா ரெசிஸ்டர்தான் எல்இடிக்கு வோல்டேஜை குறைச்சு குடுக்குதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். அப்படி இல்லைங்க. எல்இடி தனக்கு வேண்டிய வோல்டேஜை தானே எடுத்துக்கும், அதை நம்ம மாத்த முடியாது. மிச்சம் இருக்கிறது ரெசிஸ்டர் மேல விழும், அந்த மிச்சம்தான் எவ்வளவு கரண்ட் ஓடணும்னு முடிவு பண்ணும். அதனால எப்பவும் மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி "மிச்சம் எவ்வளவு வோல்ட்?"தான்.

இதை கண்ணால பாக்கணும்னு ஒரு நாள் சாயங்காலம் ஒரு சிவப்பு எல்இடியை எடுத்து, 10கே (10,000 ஓம்ஸ்) பாட், அதாவது திருப்பி ஓம்ஸை மாத்துற ரெசிஸ்டர் ஒண்ணும் அதோட சீரீஸ்ல ஒரு 150 ஓம்ஸும் போட்டு (பாட்டை முழுசா திருப்பிட்டா எல்இடி போயிடக்கூடாதுன்னு அந்த 150, அதை மறக்காம போடுங்க), 5 வோல்ட் குடுத்து, பாட்டை கொஞ்சம் கொஞ்சமா திருப்பிட்டே எல்இடி ரெண்டு கால்லயும் வோல்டேஜ் அளந்தேன். 1 மில்லி ஆம்ப்ஸ்ல 1.75 பக்கம் காட்டுச்சு. 10 மில்லி ஆம்ப்ஸ் போகும்போது 1.9. 20 தொடும்போது 2.0. கரண்ட் இருபது மடங்கு ஏறியிருக்கு, வோல்டேஜ் கால் வோல்ட்தான் நகர்ந்திருக்கு. இதை பாத்த அப்புறம்தான் "எனக்கு சரியா 2 வோல்ட் குடுக்கிற சப்ளை இருக்கு, ரெசிஸ்டர் எதுக்கு?"ங்கிற கேள்விக்கு பதில் புரிஞ்சுது. சப்ளை 0.1 வோல்ட் கூடினா போதும், கரண்ட் டபுள். இன்னொண்ணு, எல்இடி சூடானா அதோட வோல்டேஜ் ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 2 மில்லிவோல்ட் வீதம் இறங்கும், இறங்கினா கரண்ட் ஏறும், ஏறினா இன்னும் சூடாகும், நிக்கவே நிக்காது. நடுவுல ஒரு ரெசிஸ்டர் இருந்தா கரண்ட் ஏறும்போது அது மேல விழற வோல்டேஜும் ஏறி, எல்இடிக்கு மிஞ்சுறதை கட்டுப்படுத்திடும்.

எல்இடி வோல்டேஜை எங்க பாக்குறது? டேட்டாஷீட் (கம்பெனி குடுக்கிற விவரத்தாள்) இருந்தா பாருங்க, பை பையா வாங்கி வெச்சிருக்கிற எல்இடிக்கு யாரு டேட்டாஷீட் குடுக்கப் போறாங்க, அதனால நான் அளந்துடுவேன். 9 வோல்ட் பேட்டரி, 1கே ரெசிஸ்டர், எல்இடி, மூணும் சீரீஸ், எல்இடி கால்ல மல்டிமீட்டர், முடிஞ்சுது. 1கே இருந்தா எந்த கலரா இருந்தாலும் 5லேந்து 7 மில்லி ஆம்ப்ஸ்தான் ஓடும், எதுவும் கெடாது. சிவப்பு 1.8லேந்து 2.1 வரைக்கும் காட்டும், மஞ்சள் கிட்டத்தட்ட அதே தான் இல்ல ஒரு சின்ன அளவு கூட. நீலமும் வெள்ளையும் 2.8லேந்து 3.2.

பச்சைல மட்டும் ஜாக்கிரதை. பச்சைல ரெண்டு ஜாதி இருக்கு, பழைய வகை லேசா மஞ்சள் கலந்த பச்சையா எரியும், 2.1 பக்கம் எடுக்கும், வெளிச்சம் கம்மி. புது வகை, ட்ராஃபிக் சிக்னல்ல வர்ற மாதிரி சுத்தமான பச்சை, அது நீலம் செய்யிற அதே கேலியம் நைட்ரைடு குடும்பம், 3 வோல்ட் பக்கம் எடுக்கும். வெளியில பாத்தா ரெண்டுமே ஒரே மாதிரி இருக்கும், தண்ணி மாதிரி க்ளியர் லென்ஸா இருந்தா கலரே தெரியாது. நான் ரெண்டையும் ஒரே டப்பால போட்டு வெச்சிருந்தேன், ஒரு போர்டுல அஞ்சு பச்சை, மூணு பளிச்சுனு, ரெண்டு மங்கல், சால்டரிங் சரியில்லையோன்னு ரெண்டு மணி நேரம் ஒவ்வொரு ஜாயின்ட்டா திரும்பத் திரும்ப சூடு பண்ணிட்டு இருந்தேன். இப்ப தனித்தனி டப்பா. (இந்த நீல எல்இடி சும்மா வந்ததில்லைங்க, சிவப்பு 1962லயே வந்துடுச்சு, நல்ல பிரகாசமான நீலம் வர்றதுக்கு 1990கள் ஆச்சு, அதை சாத்தியமாக்கின அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014ல இயற்பியல் நோபல் குடுத்தாங்க.)

மல்டிமீட்டர்ல டயோட் மோட்லயும் அளக்கலாம், ஆனா சில மீட்டர்ல சிவப்பு எரியும், நீலம் எரியாது, மீட்டர் குடுக்கிற வோல்டேஜே அதுக்கு பத்தாது. எல்இடி போச்சுன்னு தூக்கி போட்டுடாதீங்க.

அடுத்து கரண்ட். இதுலதான் நிறைய பேர் தேவையே இல்லாம 20 மில்லி ஆம்ப்ஸ் குடுத்துட்டு இருக்காங்க, நானும் அப்படித்தான் இருந்தேன். 20ங்கிறது அந்த சின்ன எல்இடிக்கு எல்லைக்கோடு மாதிரி, அங்கதான் ஓட்டணும்னு எந்த கட்டாயமும் இல்ல. 20ல ஒண்ணு, 10ல ஒண்ணு பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, பாதி வெளிச்சமா கண்ணுக்கு தெரியவே தெரியாது, "இது கொஞ்சம் கம்மியோ"ன்னு தோணும் அவ்வளவுதான், ஏன்னா நம்ம கண்ணு வெளிச்சத்தை நேர் கணக்குல பாக்குறதில்ல. நம்ம ரூம்ல ராத்திரி எரியிற ஒரு இண்டிகேட்டருக்கு 1 இல்ல 2 மில்லி ஆம்ப்ஸ் தாராளம். 5 வோல்ட்ல ஓடுற என்னோட ஒரு பெட்டில நீல எல்இடி ராத்திரி சுவர் முழுக்க வெளிச்சம் அடிச்சு தூங்க விடல, 220ஐ எடுத்துட்டு 1கே போட்டேன், அப்பவும் கூசுச்சு, கடைசில 4.7கேல வந்து நின்னேன். கணக்கு போட்டா அரை மில்லி ஆம்ப்ஸ் கூட இல்ல, ஆனா பகல்லயும் எரியுதா இல்லையான்னு தெளிவா தெரியுது. பேட்டரில ஓடுற ப்ராஜெக்ட்னா இந்த வித்தியாசம் ரொம்ப பெருசு, மொத்த சர்க்யூட்டும் 3 மில்லி ஆம்ப்ஸ் இழுக்கும், அது ஆன்ல இருக்குன்னு காட்டுற எல்இடி மட்டும் 15 இழுத்துட்டு இருக்கும்.

எந்த வெளிச்சம் வேணும்னு கண்ணால முடிவு பண்ண மேல சொன்ன அதே பாட் செட்டப் தான், எல்இடி எந்த ரூம்ல இருக்கப் போகுதோ அந்த ரூம்ல வெச்சு, திருப்பி, போதும்னு தோணுற எடத்துல நிறுத்தி, பவரை எடுத்துட்டு பாட்டையும் அந்த 150ஐயும் சேத்து ஓம்ஸ்ல அளந்தா அதுதான் உங்க ரெசிஸ்டர். அதே வேல்யூ கடையில கிடைக்காது, ரெசிஸ்டர் எல்லாம் 100, 120, 150, 180, 220, 270, 330, 390, 470, 560, 680, 820னு ஒரு வரிசையில தான் வரும், உங்க எண்ணுக்கு மேல இருக்கிற அடுத்ததை எடுத்துக்கோங்க. கீழ இறங்க வேண்டாம்.

இனி எனக்கு ரொம்ப வலிச்ச விஷயம். 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரில ஓடுற ஒரு எமர்ஜென்சி விளக்கு செஞ்சேன், ஆறு வெள்ளை எல்இடி. ஆறையும் பேரலல்ல, அதாவது பக்கத்துல பக்கத்துல ஒரே ரெண்டு முனைக்கு நடுவுல சேத்து, மொத்தத்துக்கும் ஒரே ரெசிஸ்டர். ஆளுக்கு 15 மில்லி ஆம்ப்ஸ், மொத்தம் 90, மிச்சம் 2.8 வோல்ட், 2.8 வகுத்தல் 0.09, 31 ஓம்ஸ், 33 போட்டேன், கணக்கெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. எரிய வெச்ச அன்னைக்கே ஒண்ணு மட்டும் மத்ததை விட பளிச்சுனு இருந்தது, நல்ல எல்இடி போலன்னு விட்டுட்டேன். ஒரு மாசத்துல அது போச்சு. அடுத்த வாரம் இன்னொண்ணு. அப்புறம் பாக்கி எல்லாம் வேகவேகமா, கடைசியில ரெண்டுதான் மிஞ்சுச்சு, அதுவும் நடுவுல நீலம் பூத்த மாதிரி ஒரு வெளிச்சத்தோட.

என்ன நடந்துச்சுன்னா, ஒரே பையில இருந்து எடுத்த எல்இடியா இருந்தாலும் ஒண்ணு 3.0ல எரியும், ஒண்ணு 3.2ல எரியும். பேரலல்ல எல்லாத்துக்கும் ஒரே வோல்டேஜ்தான், அப்ப 3.0 ஆளு கரண்ட்ல பெரும்பங்கை இழுத்துக்கும், சூடாகும், சூடானதும் அதோட வோல்டேஜ் இன்னும் இறங்கும், இன்னும் இழுக்கும். அது செத்து ஓப்பன் ஆனதும் (கரண்ட் போற வழியே அறுந்ததும்) அதோட பங்கு மிச்ச அஞ்சு பேர் தலையில விழும், அதுல பலவீனமானது அடுத்தது. எல்லாம் ஒரே 33 ஓம்ஸ் பின்னாடி இருக்கிறதால, எத்தனை பேர் செத்தாலும் மொத்த கரண்ட் பெருசா குறையாது. கடைசி ஆளுக்கு மொத்த 80 சொச்சமும் போகும்.

திரும்ப செஞ்சப்ப ஆறு எல்இடிக்கும் ஆறு ரெசிஸ்டர். இங்கயும் ஒரு விஷயம் பாக்கணும், 6 வோல்ட் பேட்டரின்னு எழுதியிருக்கும், ஆனா ஃபுல் சார்ஜ்ல 6.4 பக்கம் இருக்கும், சார்ஜர் மாட்டியிருக்கும்போது 7.2 வரைக்கும் கூட போகும். 6க்கு கணக்கு போட்டா 180 ஓம்ஸ் சரியா வருது, ஆனா 7.2ல அதே 180 வழியா 22 மில்லி ஆம்ப்ஸ் போயிடும். அதனால 220 போட்டேன், 7.2லயும் 18தான். சாதாரணமா ஓடும்போது 13 பக்கம். அந்த விளக்கு இன்னைக்கும் ஓடுது. 12 வோல்ட் பேட்டரியும் இதே கதைதான், வண்டில இன்ஜின் ஓடும்போது 14க்கு மேல போயிடும், 14.4னு வெச்சு கணக்கு போடுங்க. பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்னா இன்னும் மோசம், ரெகுலேட்டர் இல்லாததா இருந்தா 9 வோல்ட்னு போட்டிருக்கும், லோடு இல்லாம அளந்தா 12, 13 காட்டும். மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்பாதீங்க, அளந்துடுங்க.

12 வோல்ட் இருந்தா பேரலல்ல போறதை விட சீரீஸ் நல்லது. மூணு சிவப்பு சீரீஸ்ல 6 வோல்ட் எடுக்கும், மிச்சம் 6, 470 போட்டா 13 மில்லி ஆம்ப்ஸ், ஒரே கரண்ட்ல மூணு எரியும். வெள்ளைல மூணு போட்டா 9.6 போயிடும், மிச்சம் 2.4. பரவாயில்ல. ஆனா நாலாவதையும் சேக்கலாமேன்னு ஆசைப்படாதீங்க, மிச்சம் எவ்வளவு சின்னதா ஆகுதோ அவ்வளவு ஆட்டம் காட்டும். 3.3 வோல்ட் போர்டுல நீல எல்இடி மாட்டுறவங்களுக்கு வர்ற தலைவலியும் இதுதான். எல்இடி 3.0 எடுத்தா மிச்சம் 0.3, அடுத்த எல்இடி 3.1 எடுத்தா மிச்சம் 0.2, அதே ரெசிஸ்டருக்கு கரண்ட் மூணுல ஒரு பங்கு காணாம போகும். 5 வோல்ட்ல சிவப்புக்கு மிச்சம் 3, அதுல 0.1 அப்படி இப்படி ஆனாலும் யாருக்கும் தெரியாது. 3.3ல இண்டிகேட்டர் வேணும்னா நான் சிவப்போ மஞ்சளோ தான் எடுப்பேன்.

அர்டுயினோ ஊனோ மாதிரி ப்ரோக்ராம் பண்ற போர்டு பின்ல நேரா மாட்டும்போது எல்இடி எவ்வளவு தாங்கும்ங்கிறதோட பின் எவ்வளவு தாங்கும்னும் பாக்கணும். அதுல இருக்கிற சிப்புக்கு ஒரு பின்ல 40 மில்லி ஆம்ப்ஸ்ங்கிறது தாண்டவே கூடாத எல்லை, 20க்குள்ள வெச்சுக்கிறதுதான் நல்லது, மொத்த சிப்புக்கும் சேத்து 200. பத்து எல்இடி, ஒவ்வொண்ணும் 20ன்னா எல்லையிலயே நிக்கிறீங்க. 470 இல்ல 1கே போட்டுட்டு நிம்மதியா இருங்க. செவன் செக்மென்ட் டிஸ்ப்ளேலயும் (ஏழு எல்இடி கோட்டால எண் காட்டுறது) எல்லா கோட்டுக்கும் பொதுவான காமன் கால்ல ஒரே ஒரு ரெசிஸ்டர் போட்டு மிச்சம் பிடிக்காதீங்க, 1 பளிச்சுனு எரியும், 8 மங்கி போகும், செக்மென்ட்டுக்கு ஒண்ணு போடணும்.

கடைசியா கலர் கோடு, ரெசிஸ்டர் உடம்புல வேல்யூவை சொல்ற கோடுகள். சரியா கணக்கு போட்டு தப்பான ரெசிஸ்டரை சால்டர் பண்றது எனக்கு ஒண்ணுக்கு மேல நடந்திருக்கு. சிவப்பு சிவப்பு பழுப்பு 220, சிவப்பு சிவப்பு கறுப்பு 22, மஞ்ச லைட் வெளிச்சத்துல பழுப்பும் கறுப்பும் ஒண்ணுதான். 5 வோல்ட்ல 22 போட்டா கணக்குப்படி 130 மில்லி ஆம்ப்ஸுக்கு மேல, பின்னும் போகும் எல்இடியும் போகும். நீல உடம்பு, அஞ்சு கோடு வர்றது இதை விட ஏமாத்தும். 220 அதுல சிவப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு. அதையே தலைகீழா பிடிச்சு படிங்க, பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, சிவப்பு, அப்படியே 10கே மாதிரி இருக்கும். நிஜமான 10கேக்கு கடைசி கோடு பழுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு தடவை எல்இடி எரியவே இல்லன்னு மூணு எல்இடியை மாத்தி மாத்தி போட்டு பாத்தேன், கடைசில பாத்தா 220ன்னு நெனச்சு போட்டது 10கே, லைட்டை அணைச்சு பாத்தப்ப உள்ள மெல்லிசா எரிஞ்சிட்டு தான் இருந்துச்சு. அன்னைலேந்து ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டர்ல வெச்சு பாத்துட்டுதான் போர்டுல சொருகுறேன், அஞ்சு செகண்ட் வேலை.

அந்த பழைய பவர் சப்ளை பெட்டியை தூக்கி போடல. கருகின நாலு ரெசிஸ்டரையும் எடுத்துட்டு, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் 1கே, மஞ்சள் கலந்த பச்சைக்கும் 1கே, நீலத்துக்கு 10கே போட்டு, போன சிவப்பு எல்இடியை மாத்தி, ராத்திரி முழுக்க ஆன்ல விட்டேன். 1கேல 10 மில்லி ஆம்ப்ஸ், பவர் 0.1 வாட், கால் வாட் ரெசிஸ்டருக்கு பாதி கூட இல்ல. காலைல மூடியை திறந்து நாலு மேலயும் விரலை வெச்சு பாத்தேன், நீலத்தோடது சூடே இல்ல, மத்த மூணும் லேசா வெதுவெதுன்னு இருந்துச்சு.